குடிவரவுத் தடுப்புக்காவலில் உள்ள உறவினரைக் கண்டறிதல்

குடிவரவுத் தடுப்புக்காவல் என்பது, உரிய விசா இன்றி நுழைந்த அல்லது விசாக் காலம் முடிந்தும் தங்கியுள்ள அயல்நாட்டவரை, விசாரணைக்காகவோ நாடு கடத்துவதற்காகவோ ஓர் அரசு காவலில் வைப்பதாகும். பல நாடுகளில் இது குற்றத்துக்கான தண்டனை அன்று, நிருவாக நடவடிக்கை. ஆகவே காவலில் உள்ளவரின் பெயர் சிறைப் பதிவுகளில் இல்லாமல் போகலாம். மலேசியாவில் இதற்கெனத் தனி முகாம்கள் உள்ளன. புக்கிட் ஜாலில், செமினி ஆகியவை அவற்றுள் சில.

தகவல் வராததன் காரணம்

1963ஆம் ஆண்டின் தூதரக உறவுகளுக்கான வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவின்படி, காவலில் வைக்கப்பட்டவர் கேட்டுக்கொண்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். இந்த உரிமையை அவருக்கு எடுத்துச் சொல்வதும் அதிகாரிகளின் கடமை. ஆனால் மொழி தெரியாமலோ அச்சத்தாலோ அவர் கேட்காவிட்டால் தூதரகத்துக்குச் செய்தி போகாமலே இருக்கலாம். எனவே தூதரகம் தானாகவே தெரிவிக்கும் என்று காத்திராமல், குடும்பத்தினரே முதலில் மனு அளிப்பது நல்லது.

திரட்ட வேண்டியவை

* கடவுச்சீட்டு எண், அதன் நகல்
* விசா அல்லது வேலை அனுமதியின் நகல்
* முதலாளி, வேலைக்கு அனுப்பிய முகவர் ஆகியோரின் பெயரும் முகவரியும்
* கடைசியாகப் பேசிய நாள், தொலைபேசி எண், அப்போது இருந்த ஊர்

பெயர்ச் சிக்கல்

தமிழர்களைத் தேடுவதில் பெரிய தடை பெயரே. நம்மிடம் குடும்பப் பெயர் வழக்கம் பெரிதும் இல்லை; தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னொட்டாக வரும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் இயற்பெயரே குடும்பப் பெயராகி, இயற்பெயருக்கான இடத்தில் ‘எப்.என்.யு.’ என்று பதிவாகும். ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பது அதன் பொருள். அமெரிக்கக் குடிவரவு மற்றும் சுங்க அமலாக்கத் துறையின் இணையத் தேடலில் ஓர் எழுத்து மாறினாலும் விடை கிடைக்காமல் போகும். அங்கு ஒன்பது இலக்க அயலவர் எண்ணையும் பிறந்த நாட்டையும் இட்டுத் தேடுவதே உறுதியான வழி. 18 வயதுக்கு உட்பட்டோரின் விவரம் அதில் இராது.

அணுக வேண்டிய இடங்கள்

1. மதத் இணையதளம்: இந்திய வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கியது. பதிவு செய்யும் மனு உரிய தூதரகத்துக்குச் செல்லும். மனு எண்ணைக் கொண்டு நிலையை அறியலாம்.
2. அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகம்: கடவுச்சீட்டு இல்லாதவருக்கு, குடியுரிமை உறுதியானபின் நாடு திரும்ப அவசரச் சான்றிதழ் வழங்கும். வசதியற்றோருக்கு இந்தியச் சமுதாய நல நிதியிலிருந்து பயணச் செலவுக்கும் சட்ட உதவிக்கும் வழியுண்டு.
3. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை, சென்னை.
4. மாவட்ட ஆட்சியர் அலுவலகம்: ஏற்காடு வட்டத்தின் வெள்ளக்கடை போன்ற மலையூர்களில் வசிப்போர், சேலத்தில் திங்கட்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். ஒப்புகைச் சீட்டைத் தவறாமல் பெற்றுக்கொள்ள வேண்டும்.
5. செஞ்சிலுவைச் சங்கம்: பிரிந்த குடும்பத்தினரிடையே தொடர்பை மீட்டுத் தரும் பணியைச் செய்கிறது.

எச்சரிக்கை

காவலில் உள்ளவர் அடைக்கலம் கோரியிருந்தால், அவருடைய சம்மதமின்றிச் சொந்த நாட்டுத் தூதரகத்தை அணுகக் கூடாது. அது அவருக்கும் ஊரிலுள்ள குடும்பத்துக்கும் ஆபத்தாகலாம். இலங்கைத் தமிழர் பலருக்கு இது முக்கியமானது. அத்தகைய நிலையில் வழக்கறிஞர், செஞ்சிலுவைச் சங்கம் அல்லது ஐக்கிய நாடுகள் அகதிகள் முகமையை நாடுவதே பாதுகாப்பானது. மதத் தளத்தில் மனுவைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. பணம் கொடுத்தால் உடனே விடுவித்துத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களை நம்பி ஏமாறக் கூடாது.