பழைய டி.வி.யில் டி.வி.டி. படம் தெரியுமா?

பரணில் ஏறிவிட்ட பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று உங்கள் வீட்டில் இருக்கலாம். அதன் படக்குழாய் இன்னும் நன்றாகவே இருக்கும். ஆனால் அதற்கு உரிய பழைய முறை ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் பெரும்பாலான இடங்களில் நிறுத்திவிட்டது. டி.வி.டி. பிளேயரையாவது இணைக்கலாம் என்றால், பெட்டியின் பின்புறத்தில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகளைக் காணோம். ஆண்டெனாத் துளை ஒன்றுதான் இருக்கிறது. என்ன செய்வது?

மஞ்சள் கம்பியை அந்தத் துளையிலேயே செருகிப் பார்ப்பவர்கள் உண்டு. படம் வராது. பெட்டியைத் திறந்து உள்ளே பற்றவைக்க முயல்பவர்களும் உண்டு. அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஏன் என்று பார்ப்போம்.

பழைய பெட்டிகள் பலவற்றில் வீட்டு மின்சாரத்தைத் தனியே பிரித்து வைக்கும் மின்மாற்றி கிடையாது. 230 வோல்ட் மின்சாரம் நேராகவே உள்ளே செல்கிறது. ஆகவே உள்ளிருக்கும் உலோகச் சட்டத்திலும் மின்சாரம் இருக்கக்கூடும். அப்படியானால் ஆண்டெனாவைத் தொடும்போது ஏன் ஷாக் அடிப்பதில்லை?

ஆண்டெனாத் துளைக்கும் சட்டத்திற்கும் இடையே சிறு மின்தேக்கிகள் காவல் நிற்கின்றன. அதிர்வெண் உயர உயர, மின்தேக்கி காட்டும் தடை குறையும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். 470 பிக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அதற்கு இந்த மின்தேக்கி ஏறத்தாழ 68 லட்சம் ஓம் தடை காட்டும். 55 மெகாஹெர்ட்ஸ் ஒளிபரப்பு அலைக்கோ சுமார் 6 ஓம்தான்! ஒளிபரப்பு அலை உள்ளே போகும். வீட்டு மின்சாரம் வெளியே வர முடியாது.

மஞ்சள் கம்பியில் வரும் படச் சைகையின் நிலை என்ன? அதன் அதிர்வெண்கள் மிகத் தாழ்வில் தொடங்கி 5 மெகாஹெர்ட்ஸ் வரை பரவியுள்ளன. படத்தை மேலிருந்து கீழாக ஒழுங்குபடுத்தும் துடிப்புகள் அதில் நொடிக்கு 50 முறை வருகின்றன. வீட்டு மின்சாரத்தைத் தடுக்கும் காவல் இவற்றையும் தடுத்துவிடும். மேலும், துளைக்கு அடுத்துள்ள ட்யூனர், நிலையங்களுக்கு உரிய உயர் அதிர்வெண்களை மட்டுமே ஏற்கும்.

எனவே படச் சைகையை உயர் அதிர்வெண் கொண்ட ஊர்தி அலையில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். இதுவே பண்பேற்றம். இதைச் செய்யும் சிறு பெட்டிக்கு ஆர்.எஃப். மாடுலேட்டர் என்று பெயர். அது உங்கள் மேசை மேல் இருக்கும் ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையம்! 1980களில் வாடகைக்கு எடுத்துவந்த வீடியோ டெக்குகளில் இது உள்ளேயே அமைந்திருந்தது. அதனால்தான் ஆண்டெனாத் துளை மட்டுமே இருந்த பெட்டிகளிலும் படம் ஓடியது.

மாடுலேட்டரில் மூன்று வண்ணக் கம்பிகளையும் செருகுங்கள். அதன் வெளியீட்டை ஆண்டெனாத் துளையில் இணையுங்கள். மாடுலேட்டரில் உள்ள சேனலுக்கே டி.வி.யையும் திருப்புங்கள். கறுப்பு வெள்ளைப் பெட்டியாயின் நிறம் தெரியாது; படம் தெரியும். கருவியில் எச்.டி.எம்.ஐ. மட்டுமே இருந்தால், அதன் எண்முறைச் சைகையை மஞ்சள் கம்பிக்கு உரியதாக மாற்றும் இன்னொரு சிறு பெட்டி இடையில் தேவை.

படம் வந்து ஒலி வரவில்லையா? மாடுலேட்டர் அமெரிக்க முறையினதாக இருக்கலாம். நம் முறையில் ஒலி அலை, பட அலையைவிட 5.5 மெகாஹெர்ட்ஸ் மேலே இருக்கும். அமெரிக்க முறையில் 4.5 மெகாஹெர்ட்ஸ் மேலே. எனவே 'பால் பி' முறைக்கு உரியதையே கேட்டு வாங்குங்கள். பிளேயரின் அமைப்பிலும் 'பால்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மாடுலேட்டரின் வெளியீட்டைக் கூரை மேலுள்ள ஆண்டெனாவில் மட்டும் இணைக்காதீர்கள்; உரிமமின்றி ஒளிபரப்புச் செய்தவராவீர்கள். பல ஆண்டுகள் பரணில் கிடந்த பெட்டியை, மின்சாரம் கொடுப்பதற்கு முன் மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். மூடியை நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கக்கூடும். காவல் உள்ள வாசல் ஒன்று இருக்கிறது. படம் அதன் வழியாகவே செல்லட்டும்.