நூல் நிலையத்தின் வாயிற் பலகை

புதிய நூல்கள் அலமாரிக்கு வந்து சேரச் சில மாதங்கள் ஆகின்றன. செய்தித்தாள் விடியற்காலையில் வந்துவிடுகிறது. ஆயினும், இன்று மாலை கடல் எவ்வாறிருக்கும், நாளை மறுநாள் மழை உண்டா, உதவித்தொகைக்கு எந்த நாள் வரை விண்ணப்பிக்கலாம் என்னும் வினாக்களுக்கு இவ்விரண்டிலும் விடை கிடைப்பதரிது. அவ்விடைகளுட் பெரும்பாலானவை இன்று இணையத்தில் உள்ளன. அங்கு உள்ளவை யாவும் தேவைப்படுவோர் கைக்கு வந்து சேர்ந்துவிடுவதில்லை. இந்த இடைவெளியை நீக்கப் பொது நூல் நிலையம் என்ன செய்யலாம் என்பதை இங்கு ஆராய்வோம்.

நூலுக்கும் வாசகருக்கும் இடையே நிற்கும் தடைகளை நீக்குவதே நூலகரின் கடமை என்பதை நம் நாட்டில் ஒரு சாத்திரமாகவே வகுத்தவர் சீகாழியிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1924-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற அவர், 1931-ல் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். அவற்றுள் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பது பற்றியது. அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து மாட்டு வண்டியில் நூல்கள் கிராமங்களுக்குப் புறப்பட்டன. அதற்கு முன்னரே, 1910 முதல், பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட், அமெரிக்க நூலகரான போர்டன் என்பாரைக் கொண்டு தம் சமஸ்தானமெங்கும் நூல் நிலையங்களை நிறுவினார்; அங்கே நூல்கள் பெட்டிகளில் ஊர் ஊராய்ச் சென்றன. 1951-ல் யுனெஸ்கோவின் துணையுடன் தொடங்கப்பெற்ற தில்லிப் பொது நூல் நிலையம், நூல் வழங்குவதோடு நில்லாமல் விரிவுரை, கலந்துரையாடல், திரைப்படக் காட்சி ஆகியவற்றையும் மேற்கொண்டது. ஆகவே, இணையத்தில் உள்ள பயனுள்ள செய்தியையும் ஊர்ச் செய்தியையும் திரட்டி வாயிலில் எழுதி வைப்பது நூல் நிலையத்துக்கு முற்றிலும் புதிய வேலையன்று.

புதுச்சேரியில் கண்ட பாடம்

இப்பணி எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதற்கு நமக்குக் கிடைத்துள்ள மிகச் சிறந்த சான்று ஒரு நூல் நிலையத்திலிருந்து வந்ததன்று. 1998-ல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் தகவல் கிராமம் என்னும் முயற்சியைத் தொடங்கிற்று. வில்லியனூரில் ஒரு நடு நிலையம். அதனைச் சுற்றியுள்ள கிராமங்களில் சிறு நிலையங்கள். தொலைபேசிக் கம்பிகளை நம்ப இயலாத இடங்களில் கம்பியில்லாக் கருவிகள் செய்தியைக் கொண்டு சென்றன. மின்சாரம் அடிக்கடி தடைப்பட்டமையாற் சூரிய சக்தியும் பயன்படுத்தப்பட்டது. நிலையங்களை நடத்திய தொண்டர்களிற் பலர் அவ்வூர்ப் பெண்களே. சாதி வேற்றுமையின்றி எல்லோரும் வந்து போகக்கூடிய இடத்தை ஊரார் ஒதுக்கித்தர வேண்டும் என்பது நிறுவனம் விதித்த நிபந்தனை. நூல் நிலையத்துக்கு இடம் தேடும் அன்பர்கள் இந்நிபந்தனையை மனத்திற் கொள்வது நலம். எந்தக் கட்டடத்தில் அமைகிறது என்பதிலேயே யார் உள்ளே வருவார், யார் வாராதிருப்பார் என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

அங்குப் பணி தொடங்குமுன், மக்கள் அதுவரை யாரிடமிருந்து செய்தி பெற்று வந்தனர் என்று ஆராய்ந்தனர். கடைக்காரர், சந்தை, விதையும் உரமும் விற்போர் ஆகியோரே முதன்மை வழிகளாயிருந்தமை தெரிய வந்தது. விற்பவரே ஆலோசகராகவும் இருப்பதன் விளைவை வயலில் இறங்கிப் பணியாற்றும் ஊழியர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நிலையங்கள் வழங்கியவற்றுள் விளைபொருள் விலை, அரசுத் திட்டங்களின் விவரம், மருத்துவ வசதி, பேருந்து நேரம் போன்றவை அடங்கின. நம்ம ஊரு செய்தி என்ற பெயரில் ஒரு செய்தித்தாளும் வெளிவந்தது.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அவர்களுக்கு வேண்டியிருந்தது கடலலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையத் தளத்தில் வங்கக் கடலுக்குரிய அலைக் கணிப்பு வெளியிடப்பட்டு வந்தது. வில்லியனூர் நிலையத்தார் அதனை நாள்தோறும் எடுத்துத் தமிழில் அனுப்ப, வீராம்பட்டினத்தில் அது ஒலிபெருக்கி வழியாகக் கடற்கரையெங்கும் கேட்டது. கட்டுமரத்தைத் தள்ளும் மீனவர் கணினியைத் தொடவுமில்லை, ஆங்கிலம் படிக்கவுமில்லை. அவர் கேட்டது, இன்று அலை இத்தனை அடி உயரும் என்ற ஒரு வாக்கியம். இணையத்தின் பயன் அவருக்கு அந்த ஒரு வாக்கியமாகவே வந்து சேர்ந்தது.

2004 திசம்பர் 26 அன்று நடந்தது பலரும் அறிந்ததே. நல்லவாடு என்னும் மீனவ ஊரைச் சேர்ந்த ஒருவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். ஆழிப்பேரலை பற்றிய செய்தியை அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் நிலையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அனைவரையும் வெளியேறச் சொன்னார்கள். 3,600-க்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அவ்வூரில் உயிர்கள் தப்பின. ஒலிபெருக்கி அலைக் கணிப்புக்காக வந்தது. ஊரார் அதன் சொல்லை நாள்தோறும் கேட்டுப் பழகியிருந்தனர். அன்று காலையில் முதன்முறையாக அது ஒலித்திருந்தால் எத்தனை பேர் நம்பியிருப்பர்? கதவு பூட்டியிருந்தது என்பதையும் மறத்தலாகாது. திறவுகோல் ஒருவரிடம் மட்டுமே இருப்பது எந்த ஊர் நூல் நிலையத்துக்கும் ஏற்றதன்று.

எவற்றைத் தேர்ந்தெடுப்பது

அயல்நாட்டுக் கடற்படையின் தளத்தை இன்று நாட வேண்டியதில்லை. 1999-ல் நிறுவப்பெற்று ஐதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை நிலையையும் மீன் கிடைக்கக்கூடிய இடங்களையும் அறிவிக்கிறது. 2007 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கையும் அங்கிருந்தே வருகிறது. உழவர்க்கு வானிலைத் துறையின் முன்கணிப்பும், 2019-ல் வெளிவந்த மேகதூத் என்னும் கைப்பேசிச் செயலியும் உள்ளன. மின்னலை முன்னறிவிக்கும் தாமினி என்னும் செயலி, புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தாருடையது. கோடை இடிமழைக் காலத்தில் ஆடு மேய்ப்போருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை. கைப்பேசியிற் படிக்க இயலாதார்க்கு உழவர் அழைப்பு மையத்தின் எண் 1800-180-1551 பெரிய எழுத்தில் பலகையில் நிலையாக இருக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு வேண்டியவை வேறு. 2018-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்ற இந்தியத் தேசிய மின் நூலகத்தைக் கரக்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தார் நடத்துகின்றனர்; பல நிறுவனங்களின் நூற்செல்வத்தை ஒரே இடத்திலிருந்து தேட அது உதவுகிறது. அங்குக் காட்டப்பெறுவன யாவும் எவர்க்கும் முழுமையாகத் திறந்தவை அல்ல என்பதை நூலகர் முன்னரே கூறிவிடுவது நன்று. இல்லாவிடில் பத்து மைல் வந்த ஆசிரியர் ஏமாந்து திரும்ப நேரும். பாடநூலோடு இணைந்த படங்களுக்குத் தீக்ஷா, ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா, பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்நூலகம், மாணவர் தம் ஊரை விண்ணிலிருந்து காண இஸ்ரோவின் புவன் ஆகியவை போதும். நூறு முகவரிகளை அடுக்குவதால் ஒருவருக்கும் பயனில்லை. ஒரு கிளை நூல் நிலையத்தில் இத்தகைய பட்டியல் ஒன்றை நான் கண்டேன். மூன்று தாள்கள், முழுதும் ஆங்கிலம், ஒவ்வொரு முகவரியும் ஒரு வரி நீளம். அதன் கீழே யாரோ ஒருவர், காணாமற்போன கன்றுக்குட்டியைப் பற்றிக் கையால் எழுதி ஒட்டியிருந்தார். வந்தவர் யாவரும் படித்தது அதனைத்தான்.

பழைய நூல்களைப் படியெடுத்து வழங்க விரும்புவோர் ஒரு சட்ட விதியை அறிந்திருத்தல் வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூலின் உரிமை அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். 1960-ல் மறைந்தவரின் அத்தகைய நூல் 2021 சனவரி முதல் நாளன்று பொதுவுடைமையாயிற்று.

எழுதும் முறை

பலகையில் ஏறும் ஒவ்வொரு செய்திக்கும் மூன்று குறிப்புகள் இன்றியமையாதவை: எங்கிருந்து எடுக்கப்பட்டது, எந்நாளில் எழுதப்பட்டது, எந்நாளில் அழிக்கப்பட வேண்டியது. இவற்றுள் மூன்றாவதே பெரும்பாலும் விடுபடுகிறது. சென்ற ஆண்டின் உதவித்தொகை அறிவிப்பு துருப்பிடித்த ஊசியில் தொங்கிக்கொண்டிருக்குமானால், அதன் அருகிலுள்ள இன்றைய புயல் எச்சரிக்கையும் மதிப்பிழந்து போகிறது. தவறு நேர்ந்தால் அதைச் சத்தமின்றி அழித்துவிடாமல், திருத்தத்தை அதே இடத்தில் அதே அளவு எழுத்தில் எழுதுவதே முறை.

கைப்பேசியில் உலவும் செய்தி எத்தனை பேர் அனுப்பியதாயினும் அதனால் உறுதிப்பட்டதாகாது. இலவசக் கணினி, அரசு வேலை என்று கூறிப் பதிவுக் கட்டணம் கேட்கும் அறிவிப்புகள் நூல் நிலையத்தின் பலகையில் ஒருமுறை ஏறிவிட்டால், மோசடிக்கு நூல் நிலையத்தின் நற்பெயரே முத்திரையாகிவிடும். அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் ஜிஓவி புள்ளி இன் என்றோ என்ஐசி புள்ளி இன் என்றோ முடிவதை மாணவர்க்குக் காட்டிப் பழக்கலாம். பணம் இழந்தவர் காலந்தாழ்த்தாமல் அழைக்க வேண்டிய எண் 1930.

ஊர்ச் செய்தியைப் பொறுத்தவரை நூலகர் சிறிது துணிவுடன் இருக்கலாம். கால்நடை மருத்துவர் வரும் நாள், குருதிக் கொடை முகாம், மின்தடை நேரம், கண்டெடுத்த சாவிக் கொத்து எல்லாம் இடம்பெறத் தக்கவையே. கட்சிச் சண்டையும் குடும்ப வழக்கும் வேண்டா. உதவி பெறுவோர் பட்டியலை வெளியிடும்போது வங்கிக் கணக்கு எண்ணையும் ஆதார் எண்ணையும் ஒருபோதும் எழுதலாகாது.

படிக்கத் தெரியாதார்க்கு மாலையில் கால் மணி நேரம் பலகையை உரக்கப் படித்துக் காட்டும் வழக்கத்தை உயர்நிலைப் பள்ளி மாணவரைக் கொண்டே தொடங்கலாம்; ஆசிரியர் முன்னின்றால் இதற்குச் செலவு ஏதுமில்லை. கேட்போர் அப்போது எழுப்பும் வினாக்களை நூலகர் ஓர் ஏட்டிற் குறித்துவைக்க வேண்டும். நிலக்கடலையில் இலை மஞ்சளிப்பது ஏன் என்பது போன்ற வினாவுக்கு அவரால் விடை கூற இயலாது. கூற முற்படுவதும் தகாது. வாரம் ஒருமுறை ஊருக்கு வரும் விரிவாக்க ஊழியர் அந்த ஏட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்து, விடை தெரிந்தவற்றுக்கு அங்கேயே விடையெழுதிக் கையொப்பமிட்டு, மற்றவற்றைத் தம் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்வாராயின், மறுவாரப் பலகைக்கு வேண்டிய செய்தி அதிலேயே கிடைத்துவிடும்.