புயற்கூண்டும் வலைப்பக்கமும்

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வங்கக் கடலில் புயற்சின்னம் தோன்றுமாயின், சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூரிலுள்ள காமராசர் துறைமுகத்திலும் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பெற்றது என்னும் செய்தி நாளிதழ்களில் வரக் காண்கிறோம். கூண்டு என்றதும் கிளியை அடைக்கும் கூண்டினை எண்ணிவிடலாகாது. கூம்பு, உருளை ஆகிய வடிவங்களில் அமைந்த அடையாளங்களே அவை. பகலில் இவற்றை உயர்ந்த கம்பத்தில் ஏற்றுவர். இரவில் செந்நிற விளக்குகளையும் வெண்ணிற விளக்குகளையும் தொங்கவிடுவர். இவ்வடையாளங்களுக்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. நெடுந்தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியுள்ளது என்பது 1-ஆம் எண்ணின் பொருள். கடும்புயல் துறைமுகத்தின் மீதோ அதன் அருகிலோ கடக்கும் என்பது 10-ஆம் எண்ணின் பொருள். 11-ஆம் எண்ணைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

கூண்டினை ஏற்றியவர் அதனோடு தம் பணியை முடித்துக்கொள்கிறார். அதன் பின்னர் நிகழ்வனவற்றைப் பாருங்கள். இராயபுரத்தை அடுத்த காசிமேட்டில் விசைப்படகுகளை நெருக்கிக் கட்டுகின்றனர். திருவொற்றியூர்க் கரையில் நாட்டுப்படகுகளை மேட்டிற்கு இழுத்து வைக்கின்றனர். படகுகள் கடலுக்குச் செல்லா என்பதனை உணர்ந்த பனிக்கட்டி வணிகர் சரக்கைக் குறைத்துக்கொள்கிறார். துறைமுகத்தினுள் பாரந்தூக்கிகளைப் பிணைக்கின்றனர். புயல் கடுமையானதாயின், நிற்கும் கப்பல்களை ஆழ்கடலுக்கே அனுப்பிவிடுவதும் உண்டு. கடலுக்குள் ஏன் அனுப்ப வேண்டும் என்று நீங்கள் வியக்கலாம். கப்பலுக்கு அலையினும் கரைச்சுவரே பெரும்பகை.

இவர்களுள் எவரையும் கூண்டேற்றியவர் அறியார். நாளை ஒருவர் புதிதாகப் படகு வாங்கினால், அவர் பெயரைத் துறைமுகத்திற்குத் தெரிவிக்க வேண்டுவதில்லை. எங்கே நோக்க வேண்டும், எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்னும் இரண்டும் அவருக்குத் தெரிந்தால் போதும். இதற்கு மாறாக, ஒவ்வொருவர் வீட்டிற்கும் ஓடிச்சென்று, “நீ படகைக் கட்டு, நீ பனிக்கட்டியைக் குறை” என்று அவரே ஏவ வேண்டியிருந்தால், கடைசி வீட்டை அடையுமுன் புயல் கரை கடந்திருக்கும்!

கணிப்பொறியில் நாம் காணும் வலைப்பக்கங்களும் இம்முறையினாலேயே இயங்குகின்றன. 1995-ஆம் ஆண்டில் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி இவற்றில் பெரிதும் பயன்படுகிறது. அம்மொழியில் எழுதப்பெறும் நிரலில், தத்தமக்குரிய பணியைச் செய்யும் பகுதிகள் பல உண்டு. அவற்றைப் பொருள்கள் என்பர். துறைமுகத்திற்கென ஒரு வலைப்பக்கம் அமைப்பதாகக் கொள்வோம். எச்சரிக்கை எண்ணை வைத்திருப்பது ஒரு பொருள். கடற்படத்தை வரைவது மற்றொன்று. மணியொலி எழுப்புவது வேறொன்று. எண் மாறும்பொழுது, முதற்பொருள் மற்ற இரண்டையும் பெயர் சொல்லி ஏவுமாறு எழுதலாம். ஆயின், நாளை தெலுங்கிலும் அறிவிப்பு வேண்டுமெனின், முதற்பொருளையே திறந்து திருத்த நேரும். திருத்துகையில் நன்றாக இயங்கிய பகுதியும் பழுதுபடலாம்.

ஆதலின் அறிஞர் வேறு வழியை மேற்கொண்டனர். முதற்பொருள், “எண் மாறியது” என்று அறிவிப்பதோடு நின்றுவிடும். இவ்வறிவிப்பினை நிகழ்வு என்பர். அதனை அறிய விரும்பும் பொருள்கள் தம்மைக் கேட்போராக முன்னரே பதிந்துகொள்ளும். கம்பத்தை நோக்குவோர் பெயர் எங்கும் பதிவாவதில்லை. இங்கோ ஒரு பட்டியல் உண்டு. இஃதொன்றே வேறுபாடு. எனினும், கேட்டவர் என்ன செய்வார் என்பது அறிவித்தவருக்குத் தெரியாது; தெரியவும் வேண்டுவதில்லை. இதனையே தளர்ந்த பிணைப்பு என்பர். மென்பொருள் வடிவமைப்பைப் பற்றி நால்வர் சேர்ந்து எழுதி 1994-ஆம் ஆண்டில் வெளியான நூலொன்று, இம்முறைக்கு நோக்குநர் என்னும் பொருள்படப் பெயர் தந்துள்ளது.

இம்முறையில் குறையும் உண்டு. பதியும்பொழுது நிகழ்வின் பெயரில் ஓரெழுத்துப் பிழைத்தால், பிழை என்று எவரும் கூறார். மணி ஒலியாது, அவ்வளவே. அறிவித்தவர் அறிவித்துவிட்டதாகவே இருப்பார். கேளாதவரோ, தாம் கேட்கவில்லை என்பதனையும் அறியார்.

கடலில் இக்குறை உயிர்களைப் பறிக்கும். 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் வீசியபொழுது, பல நாள் மீன்பிடிக்கச் சென்றிருந்த மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். கரையிலுள்ள கூண்டு அவர்கள் கண்ணுக்கு எட்டாது. கைப்பேசிக்கும் அங்கே தொடர்பில்லை. எச்சரிக்கை அவர்களைச் சென்றடையவில்லை, பலர் திரும்பவேயில்லை. பின்னர், 2019-ஆம் ஆண்டில் ஜெமினி என்னும் சிறு கருவி அறிமுகமாயிற்று. செயற்கைக்கோள் வழியே வரும் எச்சரிக்கையை அது படகிலுள்ள கைப்பேசிக்கு அளிக்கிறது. கேட்கலாம், மறுமொழி கூற இயலாது. அதுவும் கூண்டின் இனமே.

இனி 11-ஆம் எண்ணுக்கு வருவோம். வானிலை நிலையத்தோடு செய்தித் தொடர்பு அறுந்துவிட்டது. வானிலை கெடும் என்று துறைமுக அலுவலர் தாமே கருதுகிறார் என்பது அதன் பொருள். செய்தி வரவில்லை என்பதனையே செய்தியாக்கிய இவ்வெண்ணை வகுத்தவர் கூர்மதியாளர் என்றே நான் கருதுவேன். அடையாளம் ஒன்றும் இல்லையெனின் கடல் அமைதியாயிருக்கிறது என்றும் கொள்ளலாம், கம்பி அறுந்தது என்றும் கொள்ளலாம் அல்லவா? நிரல் எழுதுவோரும் இதற்கு ஒரு வழி வகுத்துள்ளனர். நிகழ்வு ஒன்றும் இல்லாதபொழுதும், “இருக்கிறேன்” என்னும் சிறு குறிப்பினைக் குறித்த இடைவெளியில் அனுப்பச் செய்வர். அதனை நெஞ்சத் துடிப்பு என்பதுண்டு. நாம் கற்பனை செய்த வலைப்பக்கத்தில் அத்துடிப்பு நின்றுவிட்டால், பழைய எண்ணையே காட்டிக்கொண்டிராமல், “தொடர்பு அற்றது” என்று அப்பக்கம் எழுதிக் காட்டும்.