ஓய்வில்லம் கட்டுமுன் மனையை ஆராய்தல்

ஆடித் திங்களில் பெரியபாளையம் பவானியம்மன் திருக்கோயிலுக்கு வரும் அன்பர்கள் பலர், பிரார்த்தனையை முடித்தபின் ஆரணியாற்றங்கரைத் தோப்புகளைக் கண்டு மனம் பறிகொடுக்கின்றனர். விடுமுறையில் வந்து தங்க ஒரு சிறு ஓய்வில்லம் இங்கே இருந்தாலென்ன என்று எண்ணுகின்றனர். நம் விவசாயிகளிலும் சிலர், தோப்போரத்தில் இரண்டு அறைகள் கட்டி வாடகைக்கு விட விரும்புகின்றனர். நல்ல எண்ணமே. ஆயினும், ஆடியில் பார்த்த மனையைக் கார்த்திகையிலும் பார்த்த பின்னரே வரைபடம் போட வேண்டும்.

ஆடியில் இவ்வாறு பெரும்பாலும் வெறும் மணல். வடகிழக்குப் பருவமழையிலோ வேறு உருவம் கொள்கிறது. ஆந்திரத்தில் தோன்றி, பிச்சாட்டூர் அணையையும் ஊத்துக்கோட்டையையும் கடந்து நம்மிடம் வருவதாதலின், இங்கே தூறல் இல்லாத நாளிலும் அணை திறக்கப்பட்டால் வெள்ளம் வரக்கூடும். 2015, 2021 ஆகிய ஆண்டுகளில் வந்த வெள்ளத்தை நம் வட்டாரத்தார் மறக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மனையைப் பார்க்கச் சென்றோம். வரைபடம் தயார்; செங்கல்லும் இறங்கிவிட்டது. அடுத்த வயலில் களையெடுத்துக் கொண்டிருந்த மூதாட்டியை, "வெள்ளம் எதுவரை வந்ததம்மா?" என்று கேட்டோம். அவர் பேசாமல் மோட்டார்க் கொட்டகையின் சுவரைக் காட்டினார். இடுப்பளவு உயரத்தில் வண்டல் கறை! கொத்தனார் நீர் நிரப்பிய குழாயால் மட்டம் பிடித்தார். கட்டவிருந்த வீட்டின் தரை, கறைக்கு இரண்டடி கீழே நின்றது. பிறகு வீட்டை மனையின் மேட்டுப் பக்கத்திற்கு மாற்றி, தரையைக் கறைக்கு மேலே உயர்த்தினர். வரைபடம் போட்டவருக்கு வருத்தந்தான். செங்கல்லை மறுபடி சுமந்த ஆட்களுக்கு அதனினும் வருத்தம்.

மண்ணையும் தோண்டிப் பார்த்தல் இன்றியமையாதது. ஆற்றோரத்தில் மேலே மணலும் கீழே களியும் இருக்கலாம். ஒரு மூலையில் உள்ளது மறு மூலையில் இராது. ஆகவே, ஓரிடத்தில் மட்டுமன்றிப் பல இடங்களிலும் ஐந்தாறடிக் குழி எடுக்க வேண்டும். களிமண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்குவதால், ஆழமற்ற கடைக்காலின்மேல் எழுந்த சுவர் வெடிக்கும். அக்குழிகளையே மழைக்காலத்திலும் பார்த்தால் நிலத்தடி நீர் எவ்வளவு மேலேறுகிறது என்பது விளங்கும். நீர் மேலேறும் இடத்தில் கழிப்பறையின் உறிஞ்சுகுழி வேலை செய்யாது. மணலில் கழிவு விரைவில் கிணற்றைச் சேரும். கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் அறுபதடியேனும் இடைவெளி இருத்தல் நலம்.

புல வரைபடத்தையும் கிராம நிர்வாக அலுவலரிடம் காண வேண்டும். தூர்ந்துபோன வாய்க்கால் கண்ணுக்குத் தெரியாவிடினும் அதில் இருக்கும். அதனை மறித்துக் கட்டினால், கட்டியவர் வீட்டோடு அண்டை வயலும் மூழ்கும். வெயிலும் காற்றும் அடுத்தவை: மேற்கே நிற்கும் மரத்தை வெட்டாதிருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஊராட்சி உறுப்பினர்கள் ஒன்று செய்யலாம். வெள்ளம் நின்ற உயரத்தைப் பள்ளிச் சுவரிலும் பாலத் தூணிலும் வண்ணக் கோடாக வரைந்து, ஆண்டையும் எழுதி வைத்தால், அடுத்து மனை பார்க்க வருபவர் அம்மூதாட்டியைத் தேடி அலைய வேண்டியிராது.