காணியும் உறவும் – 11: மூத்ததாரத்து வளவு

கிழக்குக் கரையின் ஆலையடிவேம்பில் மனைவியை இழந்த ஒருவர் மறுகலியாணம் செய்யப்போகிறார் என்றால், ஊர் முதலில் கேட்பது "எங்க போய் இருக்கப் போறார்?" என்றுதான். வரப்போகிறவள் எங்கே இருப்பாள் என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கரையில் வீடு பெண்ணுடையது. சீதனமாக மகளுக்குப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். மூத்ததாரம் இறந்தால் அவர் இளையதாரத்தின் வீட்டுக்குப் போய்விடுவார். பிள்ளைகள் அம்மம்மாவோடு அதே வளவில் இருப்பார்கள். கதைகளில் வரும் மாற்றாந்தாய் பிள்ளைகளின் வீட்டுக்குள் வந்து அதிகாரம் செய்பவள். இங்கே அவளுக்கென்று தனி வீடு இருப்பதால் அந்தக் கதைக்கே பாதி வேலை இல்லை.

பக்கத்து அக்கரைப்பற்று முஸ்லிம்களிடமும் வழக்கம் இதுவே; குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியில்தான் வரும். 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இரண்டு சமூகத்துக்கும் பொதுவான இந்தத் தாய்வழி ஒழுங்கைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்.

சட்டத்துக்கு இந்த ஒழுங்கு தெரியாது. தேசவழமைச் சட்டம் வடக்குத் தமிழருக்குரியது. கிழக்குத் தமிழர் உயில் எழுதாமல் இறந்தால் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான். மட்டக்களப்பின் தாய்வழி முக்குவர் வழமையைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ நூலாக அச்சிட்டதும் அதே 1876இல்தான். வழமை அச்சேறிய ஆண்டே அதை ஓரங்கட்டிய சட்டமும் வந்தது.

அந்தச் சட்டப்படி கணக்குப் பார்ப்போம். வீடு மனைவி பெயரில் இருக்கிறது, இரண்டு பெண்பிள்ளைகள். அவள் இறக்கிறாள். பாதி கணவனுக்கு, மகள்மாருக்குக் கால் கால். அவர் மறுகலியாணம் செய்து ஓர் ஆண்பிள்ளை பிறக்கிறது. பிறகு அவரும் போய்ச்சேருகிறார். அவருடைய பாதியில் பாதி இளையதாரத்துக்கு. மிச்சம் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக. கூட்டிப் பாருங்கள்: மூத்ததாரம் தன் தாயிடம் வாங்கிய வீட்டில் மூன்றில் ஒரு பங்கு, அந்த வாசற்படியே மிதிக்காத தாய்க்கும் மகனுக்கும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு உறுதி எழுதாமல் விட்டதுதான் காரியம்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இது வெறும் கணக்காக இருக்கவில்லை. சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில். தாரமிழந்த ஆண்கள் பலர் மறுகலியாணம் செய்தார்கள். கட்டிக்கொடுத்த புது வீடுகளோ பல இடங்களில் "குடும்பத் தலைவர்" என்று ஆண் பெயரிலேயே பதிவாகின. தாய் வீடு கடலோடு போக, தகப்பன் பெயரில் வீடு வந்தது.

அரசு பெர்மிட்டில் கொடுத்த காணி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு முடிச்சு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம், பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்படாத விதவைக்குச் சீவிய உரித்து மட்டும் கொடுத்தது. மறுகலியாணம் செய்தால் அதுவும் போகும் என்று எழுதி வைத்தது. பின்னுரித்தாளர் இல்லையென்றால் மகன்மார் முன்னே, மகள்மார் பின்னே. அந்த வரிசையைச் சமமாக்கத் திருத்தம் வந்தது 2022இல்.

மறுதாரம் முந்திய கலியாணத்திலிருந்து கூட்டிவந்த பிள்ளைக்கு 1876 சட்டத்திலும் முஸ்லிம்களின் வாரிசுச் சட்டத்திலும் பங்கில்லை, இருபது வருடம் தோளில் சுமந்து வளர்த்திருந்தாலும். தமிழர் உயிலில் விரும்பியவருக்கு எழுதலாம்: நொத்தாரிசும் இரண்டு சாட்சியும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சி. முஸ்லிம்களுக்கு மார்க்கம் ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறது. வசிய்யத் என்னும் உயில் சொத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டக்கூடாது, வாரிசுக்கும் எழுதக்கூடாது. கூட்டிவந்த பிள்ளை வாரிசல்ல என்பதனாலேயே அந்த மூன்றில் ஒன்று அதற்குச் செல்லுபடியாகும். கணவனுக்குப் பிள்ளை இருந்தால் மனைவிக்குரிய எட்டில் ஒன்று மட்டும் கூடிவிடாது. இரண்டு தாரம் இருந்தால் அதையே இருவரும் பிரித்துக்கொள்ள வேண்டும்.

எனக்குத் தெரிந்தவரை இந்தக் கரைக்குப் பொருந்திய மருந்து பழையதுதான்: தாய் உயிரோடிருக்கும்போதே மகளுக்கு நன்கொடை உறுதி, தனக்குச் சீவிய உரித்து. "எழுதிக் குடுத்தா பிள்ள பார்க்காது" என்று தயங்குபவர்களுக்குத்தான் அந்தச் சீவிய உரித்து.

அலுமாரியில் இருக்கும் சீதன உறுதியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இப்போது பலர் பெண், மாப்பிள்ளை இருவர் பெயரிலும் எழுதுகிறார்கள். அப்படியென்றால் மேலே போட்ட கணக்குப் பிழை. மனைவி கண்மூடிய அன்றே முக்கால் வீடு கணவனுடையது.