உஷார்! 'அரசு லைசென்ஸ் பரீட்சை' என்று பணம் கேட்கிறார்களா?

விடிகாலையில் கோலம் போட வெளியே வந்தால் கேட்டில் ஒரு நோட்டீஸ் செருகியிருக்கிறது. 'மூன்றே மாதத்தில் பியூட்டிஷியன். அரசு லைசென்ஸ் பரீட்சை. பாஸ் நிச்சயம்!'

ஸ்ரீரங்கத்துப் பெண்களே, அதை நம்பிக் காசு கட்டிவிடாதீர்கள்! முதலில் இதைப் படியுங்கள்.

நம் நாட்டில் பியூட்டிஷியனுக்கு லைசென்ஸ் பரீட்சை என்று ஒன்று கிடையவே கிடையாது! அமெரிக்காவில் உண்டு. கலிபோர்னியாவில் 1,000 மணி நேரம் படித்து, எழுத்துத் தேர்விலும் தேறினால்தான் இந்தத் தொழிலுக்கு வரலாம். இங்கே பார்லர் திறக்க மாநகராட்சி தருவது கடைக்கான தொழில் உரிமம். உங்கள் படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி. பெயர் வேண்டாம், அவளுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்து ஒரு மையத்தில் சேர்ந்தாள். தினமும் பஸ் பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டிப் போனாள். ஐப்ரோ, ஃபேஷியல், மணப்பெண் அலங்காரம் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் கேள்வியும் வந்தது, பதிலும் வந்தது. மறுநாள் அதே கேள்விகள். மேற்பார்வைக்கு நின்றதும் பாடம் நடத்திய அதே டீச்சர். சின்னப் பெண், பாஸ் ஆனதில் பூரித்துப் போய்விட்டாள்.

கடன் கேட்டு வங்கிக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. சர்டிஃபிகேட்டில் இருந்த எண் எந்த அரசுப் பதிவிலும் இல்லை!

எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு. தியரிப் பாடமே படிக்காமல் பாஸ் ஆன அவள் பக்கத்து வீட்டு மாமிக்குத் தலையில் டை போட்டாள். மறுநாள் மாமியின் இமைகள் வீங்கிக் கண்ணே திறக்கவில்லை. டை போடுவதற்கு 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் துளி தடவிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட், தியரிப் பாடத்தில் இருப்பது. அவளுக்கு அதை யாருமே சொல்லித் தரவில்லை.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் நில்லுங்கள்!

'எம்.எஸ்.எம்.இ. பதிவு பெற்றது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். உத்யம் எனப்படும் அந்தப் பதிவு மளிகைக் கடைக்கும் கிடைக்கும், அதுவும் இலவசமாக. சர்டிஃபிகேட் வழங்க அது அனுமதி அல்ல. ஐ.எஸ்.ஓ. முத்திரையும் அப்படித்தான்.

அரசின் சிங்க முத்திரை இருக்கிறதா? தனியார் அதை இஷ்டத்துக்கு அச்சடிப்பது 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2 ஆண்டு வரை சிறை!

கேள்வித்தாள் தருகிறேன் என்று தனியாகப் பணம் கேட்டால், அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுங்கள்.

குறுகிய காலப் பயிற்சி எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. தொழிற்பயிற்சிக்கான மத்திய அரசின் ஒழுங்குமுறை அமைப்பான என்.சி.வி.இ.டி.யின் அங்கீகாரம் பெற்ற அமைப்பு தேர்வு நடத்திச் சான்றிதழ் தந்தால் அதற்கு மதிப்பு உண்டு. நாடு முழுக்கச் செல்லுபடியாகும் சான்றிதழுக்கு இன்னொரு வழி, ஐ.டி.ஐ.யில் காஸ்மெட்டாலஜி படிப்பது. பத்தாவது பாஸ் போதும், ஒரு வருஷப் படிப்பு. முடிவில் அகில இந்தியத் தொழிற்தேர்வு. தியரியைக் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். தேற தியரியில் 33 சதவீதம், செய்முறையில் 60.

33 தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள்! கை வேலை தெரிந்த பெண்கள்தான் புத்தகத்தைத் தொடுவதில்லை. கிருமிநீக்கத்துக்கும் ஸ்டெரிலைஸ் செய்வதற்கும் வித்தியாசம் கேட்டால் விழிக்கிறார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே 7 நாளாவது உயிரோடு இருக்கும். ரத்தம் பட்ட பிளாக்ஹெட் ஊசியை வெறும் தண்ணீரில் அலசி அடுத்தவர் மூக்கில் வைத்தால் என்ன ஆகும்? பயமாக இல்லையா?

ஐ.டி.ஐ. பாடப் புத்தகமும் கேள்வித் தொகுப்பும் தயாரிப்பது சென்னை கிண்டியில் உள்ள நிமி நிறுவனம். மத்திய அரசின் 'பாரத் ஸ்கில்ஸ்' தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. இதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நோட்டீஸில் உள்ள நம்பருக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள். "தேர்வு நடத்துவது யார்? அந்த அமைப்பின் பெயரை எழுதிக் கொடுப்பீர்களா?" இழுத்தால் போனை வையுங்கள். உடனே!

அந்தப் பெண் இந்த வருஷம் ஐ.டி.ஐ.க்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.