காகிதம் காத்த சாட்சி

பர்ஸின் மடிப்பில் மறந்துபோன ஏடிஎம் சீட்டை ஒரு வருடம் கழித்து எடுத்துப் பாருங்கள். வெறும் வெள்ளைத் துண்டுதான் கையில் இருக்கும். அந்தத் தாளில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் ரசாயனப் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. வெளிச்சமும் வெப்பமும் விரலின் எண்ணெய்ப்பசையும் சேர்ந்து அதை அழித்துவிடுகின்றன. 1980களில் ஃபேக்ஸ் இயந்திரங்கள் பலவும் இதே வகைத் தாளில்தான் செய்திகளை அச்சடித்தன. அந்தக் காலத்துக் கொடுமைகளுக்குச் சாட்சியாக இருக்கும் தாள்கள் எப்படிப் பிழைக்கின்றன?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், சஃபோக் பல்கலைக்கழகத்தில், அப்படிப் பிழைத்த ஜோ மோக்லியின் கோப்புகள் இருக்கின்றன. அவர் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் உறுப்பினராக இருந்தவர். 1983இல் தொகுதி மக்கள் சிலர் அவரிடம் வந்து, எல் சால்வடோரின் உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்த அகதிகளைத் திருப்பி அனுப்பவிடாதீர்கள் என்று கேட்டார்கள். மோக்லி விடாமல் போராடினார். 1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில், அத்தகையோருக்கான ‘தற்காலிகப் பாதுகாப்புத் தகுதி’ இடம்பெற்றது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1989 நவம்பர் 16 அன்று, எல் சால்வடோரின் தலைநகரான சான் சால்வடோரில், மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆறு இயேசு சபைக் குருக்களையும், அங்கே வேலை செய்த பெண்ணையும், அவருடைய 16 வயது மகளையும் அந்நாட்டு ராணுவத்தினர் சுட்டுக் கொன்றார்கள். அதை ஆராயும் பிரதிநிதிகள் சபைக் குழுவுக்கு மோக்லி தலைவரானார். கொலைக்கு முடிவெடுத்த கூட்டத்தில் இருந்ததாகத் தனக்குத் தகவல் கிடைத்த அதிகாரிகளின் பெயர்களை 1991 நவம்பரில் அவர் வெளியிட்டார். அவர்களுள் ஒருவர் கர்னல் இனோசென்டே மொன்டானோ.

அமெரிக்காவில் ஓர் உறுப்பினரின் அலுவலகக் கோப்புகள் அவருடைய சொந்தச் சொத்து. குப்பையில் போட்டாலும் கேட்பாரில்லை. மோக்லி தன்னுடையவற்றை, தான் சட்டம் படித்த இடத்துக்கே கொடுத்தார்.

ஆனால் கொடுத்தால் மட்டும் போதாது. காகிதத்துக்கு எதிரி காகிதத்துக்குள்ளேயே இருக்கிறது. தாள் என்பது செல்லுலோஸ் என்னும் நீண்ட சங்கிலிகளின் பின்னல். மரக்கூழில் தாள் செய்யத் தொடங்கியபோது, மை ஊறிப் பரவாமலிருக்கப் படிகாரம் சேர்த்தார்கள். அது தாளில் அமிலத்தை விட்டுச்சென்றது. காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அந்த அமிலம் சங்கிலிகளை ஒவ்வொரு கண்ணியாக அறுக்கிறது. அறுபட்டதிலிருந்து மேலும் அமிலம் பிறக்கிறது. தாள் பழுத்து, மடித்த இடத்தில் அப்பளமாக நொறுங்குகிறது.

இதற்குக் காப்பகங்கள் செய்யும் வைத்தியம் எளியது. அமிலத்தை முறிக்கும் கால்சியம் கார்பனேட் கலந்த உறைகளில் தாள்களை வைத்து, குளிர்ச்சியும் குறைந்த ஈரப்பதமும் உள்ள அறையில் அடுக்குகிறார்கள். துருப்பிடித்த கிளிப்புகளைத் தாள் கிழியாமல் கழற்றுகிறார்கள். ஃபேக்ஸ் தாளை, எழுத்து மங்குமுன் நல்ல தாளில் நகலெடுக்கிறார்கள்.

இன்னொன்றையும் காக்கிறார்கள்: வரிசை. உறுப்பினரின் மேசையில் எந்தக் கடிதத்தின்மேல் எந்தக் குறிப்பு இருந்ததோ, பெட்டிக்குள்ளும் அப்படியே இருக்க வேண்டும். யார் எதை எப்போது அறிந்தார் என்பதை அந்த அடுக்குதான் சொல்லும். தலைப்புவாரியாகக் கலைத்து அடுக்கினால் தாள் மிஞ்சும், சாட்சியம் போய்விடும்.

மோக்லி 2001இல் காலமானார். பத்தாண்டுகள் கழித்து, 2011இல், பாஸ்டனுக்குப் பக்கத்திலேயே குடியிருந்த மொன்டானோ கைதானார். அவரைச் சிக்கவைத்ததும் காகிதம்தான். மோக்லி அகதிகளுக்காகப் போராடிப் பெற்ற அதே பாதுகாப்புத் தகுதியைக் கேட்டு, தான் ராணுவத்தில் இருந்ததே இல்லை என்று அவர் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். பொய் சொன்னதற்கு அமெரிக்காவில் 21 மாதச் சிறை. பிறகு ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டார். கொல்லப்பட்ட குருக்களில் ஐவர் ஸ்பெயினில் பிறந்தவர்கள். அவர்களின் கொலைக்காக 2020இல் அங்கே அவருக்கு 133 ஆண்டுத் தண்டனை கிடைத்தது.

கொலைக்கும் தீர்ப்புக்கும் நடுவே ஏறத்தாழ 31 ஆண்டுகள். அத்தனை காலத்தில் நினைவு மங்கும், கண்டவர்கள் இறந்துபோவார்கள். தாளும் நொறுங்கியிருந்தால், கொன்றவன் எழுதிக் கொடுப்பதே கடைசிச் சொல்லாகியிருக்கும். துருவேறிய கிளிப்பை மெல்லக் கழற்றும் ஒரு காப்பக ஊழியரின் விரல்களை அதனால்தான் நான் வணங்குகிறேன்.